தீராத கணக்கு: திருவொற்றியூரும் மாயக்கதைகளின் முடிவும்

பல பாகங்களாக நீளும் ஒரு ஃபேன்டஸி கதையின் கடைசிப் பகுதி வந்ததும் வாசகர்களிடையே சண்டை மூளும். 2019 ஏப்ரல், மே மாதங்களில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் எட்டாம் பருவம் ஒளிபரப்பானது. கடைசிப் பருவத்தை வேறு எழுத்தாளர்களை வைத்து மறுபடி எடுக்க வேண்டும் என்று கேட்ட மனுவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். இணைய காலத்து ரசிகர்களுக்குப் பொறுமை போய்விட்டது என்று அதைப் பலர் பழித்தார்கள். ஆனால், கதையின் முடிவு போதவில்லை என்று தோன்றினால் மக்கள் தாமே இன்னொரு முடிவைச் செய்துகொள்வது மிகப் பழைய வழக்கம். அதைப் பார்க்க வடசென்னையிலேயே ஓர் இடம் இருக்கிறது.

துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே, கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் வரிசை கட்டி நகரும் சாலைக்குச் சற்று உள்ளே, திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் நிற்கிறது. தமிழின் மூன்று பெரிய நெடுங்கதைகள் இந்த ஒரு கோயிலில் வந்து சேர்கின்றன. பெரியபுராணத்தின் சுந்தரர் சங்கிலியாரை மணந்தது இங்கே. மதுரையை எரித்த கண்ணகி வந்து அடங்கியது இங்கேதான் என்கிறது தலத்து மரபு. அவளே வட்டப்பாறை அம்மன். கம்பர் இராமாயணத்தை இரவில் எழுதுவதற்கு அந்த அம்மனே பந்தம் பிடித்தாள் என்பது மூன்றாவது கதை.

பக்தருக்கு இவை கதையல்ல, வழிபாடு. அந்த நம்பிக்கையை மதித்துக்கொண்டே, இவை கதையாக எப்படி முடிகின்றன, கேட்டவர்கள் அந்த முடிவை எப்படி ஏற்றார்கள் என்று பார்க்கலாம். பார்த்தால் ஒன்று தெளிவாகும். நெடுங்கதையின் முடிவு நிறைவு தருவதற்குச் சம்பவங்கள் முடிந்தால் மட்டும் போதாது. தான் விதித்த விதியைக் கதை கடைசிவரை காக்க வேண்டும். தன் மாந்தருக்குப் பட்ட கடனையும் தீர்க்க வேண்டும். விதியை மீறினால் வாசகர் ஏமாறுவார். விதியைக் காத்தும் கடனைத் தீர்க்காவிட்டால், அந்தக் கடனை ஊர் எடுத்துக்கொள்ளும்.

மகிழடியில் ஒரு சத்தியம்

குன்றத்தூர்ச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணம் தனியடியார் அறுபத்துமூவரின் வரலாறுகளைக் கோத்த நூல். கோக்கும் நூலாக ஓடுவது சுந்தரர் கதை. கயிலையில் ஆலாலசுந்தரர் அனிந்திதை, கமலினி என்ற இரு சேடியர்மேல் மனம் வைக்கிறார். அந்த ஆசையைத் தீர்த்துவரச் சிவன் மூவரையும் மண்ணுக்கு அனுப்புகிறார். ஆலாலசுந்தரர் சுந்தரராகவும், கமலினி திருவாரூரில் பரவையாகவும், அனிந்திதை ஞாயிறு என்ற ஊரில் சங்கிலியாகவும் பிறக்கிறார்கள். மூவரும் ஒருநாள் கயிலைக்குத் திரும்பியாக வேண்டும். கதையின் விதி இது. தொடக்கத்திலேயே வாசகர் கையில் கொடுக்கப்பட்டுவிடுகிறது.

சங்கிலி மணம் வேண்டாமென்று திருவொற்றியூரில் கன்னிமாடத்தில் தங்கி, இறைவனுக்குப் பூத்தொடுக்கும் பணியில் இருப்பவர். அவரைக் கண்ட சுந்தரர் இறைவனையே தூது கேட்கிறார். கனவில் வந்த சிவனிடம் சங்கிலி சொல்வது நேரான கேள்வி: இவருக்குத் திருவாரூரில் மனைவி இருக்கிறாளே? பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து தருவார் என்கிறார் சிவன். சுந்தரரோ, சன்னிதியில் சத்தியம் செய்தால் தப்ப முடியாது என்று எண்ணி, அந்த நேரத்தில் கருவறையை விட்டு மகிழமரத்தடிக்குப் போய்விடும்படி இறைவனையே கேட்டுக்கொள்கிறார். சிவன் அதற்கும் ஒப்புகிறார். ஆனால் சத்தியத்தை மகிழடியிலேயே வாங்கு என்று சங்கிலியிடமும் கனவில் சொல்லிவிடுகிறார். சுந்தரருக்கு வழியில்லை. மரத்தடியில், இறைவன் இருக்கும் இடத்திலேயே, சத்தியம் செய்கிறார்.

வேனில் வருகிறது. திருவாரூர் விழா நினைவுக்கு வர, சுந்தரர் ஊர் எல்லையைத் தாண்டுகிறார். இரண்டு கண்களும் போகின்றன. இறைவனின் தோழரே ஆனாலும் விலக்கு இல்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண் என்று தவணையாகத்தான் பார்வை திரும்புகிறது. மாயக்கதைக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடையாது: சொல்லுக்கு விலை உண்டு, விலையைக் கதாநாயகனும் கொடுத்தாக வேண்டும்.

இனி முடிவு. வெள்ளானைச் சருக்கத்தில் சுந்தரர் யானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலை ஏறுகிறார்கள். பரவை கமலினியாகவும் சங்கிலி அனிந்திதையாகவும் மீண்டு, உமையம்மைக்குத் தம் பழைய தொண்டைத் தொடர்கிறார்கள். கயிலையில் தொடங்கிய கதை கயிலையில் முடிகிறது. கட்டுமானத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் சங்கிலியை மட்டும் பின்தொடர்ந்து வாசித்தால் மனம் வேறு கணக்குச் சொல்லும். பரவைக்கு ஊடல் உண்டு. அதைத் தீர்க்கச் சிவனே நள்ளிரவில் திருவாரூர் வீதியில் இருமுறை தூது நடக்கிறார். சத்தியத்தை நம்பி மணந்த சங்கிலிக்கு, கணவன் எல்லை தாண்டிய நாளிலிருந்து கயிலை மீளும்வரை கதையில் இடம் ஏறக்குறைய இல்லை. அவர் காத்திருந்தாரா, கோபித்தாரா, கண் போன செய்தி அவருக்குத் தெரிந்ததா? காவியம் அவரை விண்ணில் சேர்த்துவிட்டது. மண்ணில் அவருக்குப் பட்ட கடனை அப்படியே விட்டுவிட்டது.

ஊர் எதை எடுத்துக்கொண்டது என்று கவனிக்க வேண்டும். மாசிப் பெருவிழாவில் திருவொற்றியூர் நடத்துவது மகிழடி சேவை. வெள்ளானை ஏறிய முடிவை இந்த ஊர் கொண்டாடுவதைவிட, தன் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட சத்தியத்தைத்தான் ஆண்டுதோறும் நடத்திக் காட்டுகிறது. இதற்குப் பழமையும் உண்டு. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட இரண்டாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பங்குனி உத்திர விழாவில் மன்னன் இக்கோயிலில் மகிழமரத்தின் கீழ் அமர்ந்து ஆளுடைய நம்பியின் புராணம் கேட்டதைக் குறிக்கிறது. ஆளுடைய நம்பி என்பது சுந்தரரின் பெயர். சேக்கிழார் பாடிச் சில பத்தாண்டுகளுக்குள்ளாகவே, சத்தியம் நடந்த அதே மரத்தடி அந்தக் கதையைக் கேட்கும் இடமாகிவிட்டது.

கண்ணகியின் கோபம் எங்கே போனது?

சிலப்பதிகாரம் மூன்று காண்டம், முப்பது பகுதி. புகாருக்குப் பத்து, மதுரைக்குப் பதின்மூன்று, வஞ்சிக்கு ஏழு. மதுரை எரிந்ததோடு கதை முடிந்திருக்க வேண்டும், வஞ்சிக் காண்டம் ஒட்டுப்போட்டது போல இருக்கிறது என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. அரசியல் பிழைத்தோருக்கு அறமே எமனாகும், புகழ்பெற்ற பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்று மூன்று உண்மைகளைப் பதிகம் முன்னாலேயே அறிவிக்கிறது. மதுரைக் காண்டம் முதலாவதையும் மூன்றாவதையும் தீர்க்கிறது. இரண்டாவதைத் தீர்க்கச் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்து வஞ்சியில் கோயில் எழுப்பியாக வேண்டும். அறிவித்ததை முடிப்பது ஆசிரியரின் கடமை, இளங்கோ முடித்திருக்கிறார்.

நெருக்கமாகப் பார்த்தால் அவர் இன்னும் நுட்பமாகக் கணக்குத் தீர்த்திருப்பது தெரியும். வஞ்சிக் கோயிலில் கடவுள் வடிவில் தோன்றும் கண்ணகி, பாண்டியன் குற்றமற்றவன், தான் அவன் மகள் என்கிறாள். யாருடைய அரசை அழித்தாளோ அவனையே தந்தையாக்கிக்கொள்கிறாள். தவறை உணர்ந்த கணமே அரியணையில் உயிர்விட்ட மன்னனுக்குக் காப்பியம் செய்யும் மரியாதை இது.

அப்படியும் ஒரு மிச்சம் இருந்தது. அதுதான் கோபம். தீயைத் தணிக்க மதுராபதித் தெய்வம் வந்து முற்பிறப்பு வினையைச் சொல்கிறது: முன்பு கோவலன் ஒரு வணிகனைக் காட்டிக்கொடுத்தான், அவன் மனைவி இட்ட சாபம் இன்று பலித்தது என்று. காரணம் விளங்குகிறது. ஆனால் காரணம் விளங்கியதால் கோபம் தணியுமா? கண்ணகி கொற்றவை கோயில் வாயிலில் வளையல்களை உடைத்துப் போட்டு, வைகைக் கரையோடு மேற்கே நடந்து, வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். பதினான்காம் நாள் கோவலன் வானவூர்தியில் வந்து அழைத்துச் செல்கிறான். நடுவில் அவள் மனத்தில் நடந்ததை நூல் சொல்லவில்லை.

அந்த இடத்தை மக்கள் நிரப்பினார்கள். கோபம் தணியாத கண்ணகி வடக்கே நடந்து திருவொற்றியூர் வந்தாள் என்கிறது தலக்கதை. இறைவனும் இறைவியும் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். காய் கிணற்றில் விழுந்தது. அதை எடுக்க இறங்கிய கண்ணகிமேல் வட்டமான பாறை மூடியது. அவள் அங்கேயே குளிர்ந்து தெய்வமானாள். தண்ணீரும் கல்லும் சேர்ந்து நெருப்பை அடக்கிய முடிவு இது. வாய்மொழியில் வழங்கிய கோவலன் கதையில் காளியே கண்ணகியாகப் பிறக்கிறாள். அவ்வளவு கோபம் ஒரு வணிகர் வீட்டுப் பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கு அந்தக் கதை தரும் பதில் அது.

கடல் தாண்டினாலும் இதே தேவைதான். செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு இலங்கைக் கயவாகு வந்தான் என்கிறது சிலம்பு. இலங்கையின் கிழக்கே மட்டக்களப்புப் பகுதியில் வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்து, கண்ணகி வழக்குரை படித்து, இறுதியில் குளிர்த்தி பாடுகிறார்கள். அம்மனைக் குளிரச் செய்தால்தான் சடங்கு முடியும். மட்டக்களப்பிலும் வடசென்னையிலும் மக்கள் ஒரே குறையைத்தான் கண்டிருக்கிறார்கள். புலவர் கோயில் கட்டி முடித்தார். கேட்டவர்களுக்கு அவள் ஆறியாக வேண்டியிருந்தது.

கம்பன் நிறுத்திய இடம்

எப்படி முடிப்பது என்பது ஒரு கலை. எங்கே நிறுத்துவது என்பது இன்னொரு கலை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடிய கம்பன் ஆறு காண்டங்களோடு நிறுத்திக்கொண்டான். சீதையைக் காட்டுக்கு அனுப்பும் உத்தரகாண்டம் அவன் பாடியதல்ல. அதை ஒட்டக்கூத்தர் பாடியதாக மரபு சொல்கிறது.

கம்பன் தேர்ந்த முடிவு முடிசூட்டு. அந்தக் காட்சியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். அனுமன் அரியணையைத் தாங்குகிறான். அங்கதன் உடைவாள் ஏந்துகிறான். பதினான்கு ஆண்டு பாதுகையை வைத்து அரசு காத்த பரதன் வெண்குடை பிடிக்கிறான். மற்ற இரு தம்பியரும் கவரி வீசுகிறார்கள். தன்னை ஆதரித்த வெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளலையும் கம்பன் மறக்கவில்லை. அவர் மரபின் முன்னோர் எடுத்துக்கொடுக்க, வசிட்டன் வாங்கி முடிசூட்டுகிறான். ஒவ்வொருவர் செய்ததற்கும் ஏற்ற இடம் ஒரே காட்சியில் கிடைத்துவிடுகிறது. அடுத்து வருவது விடை கொடுத்த படலம். போருக்குத் துணைவந்த ஒவ்வொருவருக்கும் பரிசு தந்து, முறை சொல்லி, இராமன் ஊருக்கு அனுப்பிவைக்கிறான். நெடுங்கதையில் பல நாள் கூட வாழ்ந்த வாசகருக்கும் விடைபெற நேரம் வேண்டும். டோல்கீன் 1955இல் வெளியிட்ட ‘தி ரிட்டர்ன் ஆஃப் த கிங்’ நூலிலும் மோதிரம் அழிந்த பிறகு பல அத்தியாயங்கள் நீள்வது இதற்காகத்தான். அங்கே மோதிரத்தைச் சுமந்த ஃபிரோடோவின் காயம் ஆறுவதில்லை. காப்பாற்றிய ஊரில் அவனால் வாழ முடியாமல் கப்பலேறுகிறான். வெற்றிக்குக் கொடுத்த விலையை டோல்கீன் மறைக்கவில்லை.

கம்பனிலும் ஒரு கடன் நிற்கிறது. மீட்சிப் படலத்தில் இராமன் சீதையைச் சுடுசொல் பேசுகிறான். அவள் தீயில் இறங்குகிறாள். அடுத்து வரும் முடிசூட்டின் ஒளியில் அதை மறக்க முடியவில்லை. 1943இல் புதுமைப்பித்தன் ‘சாப விமோசனம்’ எழுதினார். இராமன் கால்பட்டுக் கல்லிலிருந்து எழுந்த அகலிகை, சீதை தீக்குளித்ததை அவள் வாயாலேயே கேட்கிறாள். தனக்கு ஒரு நியாயம், இவளுக்கு ஒரு நியாயமா என்று மனம் உடைந்து மறுபடி கல்லாகிறாள். பல நூற்றாண்டு கழித்து ஒரு வாசகர் கணக்கைத் திறந்து, இது தீரவில்லை என்று எழுதிவைத்த கதை அது. பழைய முடிவின்மேல் எழுந்த மிகக் கூர்மையான புகாராக அதைக் கருதுகிறேன்.

முருங்கை மரத்து வேதாளம்

திருவொற்றியூருக்குத் தெற்கே, இராயபுரத்தை அடுத்த கொண்டித்தோப்பிலிருந்து பி. இரத்தின நாயகர் ஸன்ஸ் பெரிய எழுத்துக் கதைப்புத்தகங்களை அச்சிட்டுத் தமிழகமெங்கும் அனுப்பினார்கள். கண் மங்கியவரும், எழுத்துக்கூட்டிப் படிப்பவரும், திண்ணையில் ஒருவர் வாசிக்கச் சூழ்ந்து கேட்பவரும் இந்தப் புத்தகங்களுக்கு வாசகர்கள். அவற்றில் புகழ்பெற்றது விக்கிரமாதித்தன் கதை. தமிழில் கலப்பற்ற மாயக்கதைத் தொடர் ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்ட வேண்டும்.

வேதாளக் கதைகளின் விதி எளிது. ஒரு முனிவனுக்காக விக்கிரமாதித்தன் வாய் திறக்காமல் வேதாளத்தைச் சுமந்து வர வேண்டும். வேதாளம் ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும்; சொன்னால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். அரசனின் அறிவே அவனுக்குத் தடை. இந்தத் தொடர் எப்படி முடியும்? பழைய கதைவரிசையில் கடைசிக் கதை உறவுமுறைச் சிக்கல்: ஒரு தந்தை ஒருத்தியின் மகளையும், அவன் மகன் அந்தத் தாயையும் உறவு அறியாமல் மணந்தால், பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? விக்கிரமாதித்தனுக்கு உண்மையாகவே விடை தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். விதி நிறைவேறுகிறது. மகிழ்ந்த வேதாளம் முனிவனின் சதியைச் சொல்லி அரசனைக் காக்கிறது.

புதிய ஆயுதமும் வெளியிலிருந்து வரும் தெய்வமும் இங்கே தேவைப்படவில்லை. தொடரை இதுவரை ஓட்டிய அதே விதிதான் அதை நிறுத்துகிறது. எல்லாம் தெரிந்த அரசன் தெரியாமல் நிற்கும் ஒரே கணத்தில் வெல்கிறான். முடிவு எதிர்பாராததாகவும் இருக்கிறது. வேறு எப்படியும் முடிந்திருக்காது என்றும் தோன்றுகிறது. இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும்போதுதான் வாசகர் நிறைவோடு புத்தகத்தை மூடுகிறார்.

கல்கியின் முடிவுரை

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வந்த பொன்னியின் செல்வன் ஃபேன்டஸி அல்ல. ஆனால் ஒரு நெடுந்தொடரின் முடிவு குறித்துத் தமிழில் ஆசிரியரும் வாசகரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அங்கேதான். கடைசி அத்தியாயத்தில் மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிர்விடுகிறாள். அரியணை சேந்தன் அமுதனாக வளர்ந்த உத்தம சோழனுக்குப் போகிறது. கையில் வந்த மணிமுடியை அருள்மொழிவர்மன் தன் கையாலேயே அவனுக்குச் சூட்டுகிறான். ஐந்தாம் பாகத்தின் தலைப்பு ‘தியாகச் சிகரம்’. அந்தத் தலைப்பு கொடுத்த வாக்கைக் கதை காப்பாற்றியது.

ஆனாலும் வாசகர்கள் கேள்விகளை அடுக்கினார்கள். நந்தினி என்ன ஆனாள்? குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் திருமணம் நடந்ததா? சதிகாரர்கள் பிடிபட்டார்களா? கல்கி முடிவுரை எழுதி, அந்தக் கேள்விகளை எடுத்துவைத்துப் பதில் சொன்னார். கற்பனைக் கதையை முழுவதுமாக முடிச்சுப்போட்டு முடிக்கலாம், வரலாற்று மாந்தரின் வாழ்வு கதைக்குப் பிறகும் தொடரும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

வாதம் பாதி சரி. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையின் முழு உண்மையை வரலாறே தராதபோது அதை மூடிவைத்தது நேர்மை. ஆனால் நந்தினி கல்கியின் கற்பனை. ஐந்து பாகம் முழுவதும் கதையை இழுத்துச் சென்றவள் அவள்தான். அவள் முடிவுக்கு வரலாற்றைக் காரணம் காட்ட முடியாது. அந்தப் போதாமையை நாவலைப் படமாக எடுத்தவர்களும் உணர்ந்திருக்கிறார்கள். 2023இல் வந்த மணிரத்னத்தின் இரண்டாம் பாகத்தில் நந்தினிக்கு நீரில் முடிவு கிடைத்தது. மணிமேகலையோ படத்திலேயே இல்லை. ஒரு கடனைத் தீர்க்கப்போய், மூலக்கதை அழகாகத் தீர்த்திருந்த இன்னொரு கணக்கை அழித்துவிட்டார்கள்.

தீர்ப்பு

இந்த முடிவுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒரு நெடுங்கதையின் முடிவை மூன்று கேள்விகளால் எடைபோடலாம். கதை தன் விதியைக் கடைசிவரை காத்ததா? வெற்றிக்கு யாராவது விலை கொடுத்தார்களா, அந்த விலை வாசகர் கண்ணில் படுகிறதா? கதைக்காக உழைத்த ஒவ்வொருவருக்கும் சேர வேண்டியது சேர்ந்ததா? வேதாளக் கதை முதல் கேள்வியில் முழு மதிப்பெண் பெறுகிறது. சுந்தரர் இழந்த கண்களும் ஃபிரோடோவின் ஆறாத காயமும் இரண்டாம் கேள்விக்கு விடை. மூன்றாவதில் கம்பனின் முடிசூட்டு தலைசிறந்தது; அதே கம்பன் சீதையிடம் கடன்பட்டு நிற்கிறான்.

சோகமாக முடிந்ததாலோ மகிழ்ச்சியாக முடிந்ததாலோ எந்த முடிவும் ஏமாற்றுவதில்லை. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ ரசிகர்களின் கோபமும் தோல்வி கண்டு வந்ததல்ல. ஏழு பருவம் பொறுமையாக வளர்ந்த ஒரு பெண்ணின் மனமாற்றத்தை ஆறே பகுதிகளில் ஓட்டி முடித்த அவசரம் கண்டு வந்தது. செல்லும் இடம் சரியாக இருந்தாலும் வழியைக் காட்டாமல் கொண்டுபோய் விட்டால் வாசகர் நம்ப மாட்டார்.

இன்று தமிழில் மாயக்கதைத் தொடர் எழுத முன்வரும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடைசிப் பாகத்தைத் தொடங்கும் முன், முதல் பாகத்தை எடுத்து, அதில் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்று பட்டியல் போடுங்கள். நாயகனின் பெயர் தானாக வரும். காத்திருந்தவர்கள், கோபித்தவர்கள், பாதி வழியில் விடப்பட்ட பெண்கள், இவர்களின் பெயர்களைத் தேடி எழுதுங்கள். அந்தப் பட்டியலில் ஒரு பெயரும் மீதம் இல்லாதபோது கதையை முடியுங்கள்.